ஆறு இலட்சம் படங்களை வெளி வன்தட்டுக்கு மாற்றும்போது ‘மெமரி’ நிரம்புவது ஏன்? ராம் கூட்டினால் சரிவருமா?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். புதுக்குடியிருப்புப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் கணினியில், ஊர்ச் சனங்களிடம் இரவல் வாங்கி ஸ்கான் செய்த பழைய படங்களும் ஆவணங்களும் கிட்டத்தட்ட 6 இலட்சம் கோப்புகளாக, 210 ஜிபி அளவில் இருக்கின்றன. அதில் பாதி, படத்தொகுப்பு மென்பொருள் தானாக ஆக்கிவைத்த சிறுபடங்கள். கணினியில் விண்டோஸ் 10, 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம்). எல்லாவற்றையும் தெரிவுசெய்து ‘கட்’ பண்ணி 2 டெராபைட் வெளி வன்தட்டில் ‘பேஸ்ட்’ பண்ணினால், கணக்கிடுகிறேன் என்று நெடுநேரம் நிற்கிறது. பிறகு கொஞ்சம் போகிறது. பிறகு நினைவகம் 95 வீதத்தைத் தாண்டி, திரை உறைந்து, போதிய நினைவகம் இல்லை என்று நின்றுவிடுகிறது. கடையில் 8 ஜிபி ராம் போடச் சொல்கிறார்கள். போடலாமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: இவ்வளவு கோப்புகளை ஒன்றும் தொலையாமல் நகர்த்துவது எப்படி? அதற்கு வழி சொன்னால் ராம் பிரச்சினை பெரும்பாலும் கூடவே தீர்ந்துவிடும். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு எஞ்சிய ஒன்றிரண்டு படங்களை வாங்கி ஸ்கான் செய்து, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் வேகத்தைவிடப் பாதுகாப்பையே முன்னால் வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில், இனி ‘கட்’ பண்ண வேண்டாம். ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்புறையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கோப்பின் உள்ளடக்கம் அசைவதில்லை. அட்டவணையில் அது இருக்கும் இடம் என்ற பதிவு மட்டும் மாறும். ஒரு நொடியில் முடிந்துவிடும். வேறு வன்தட்டுக்கு மாற்றுவது அப்படியல்ல. அங்கே எழுதி, இங்கே அழிக்கிற வேலை அது. நடுவில் நின்றால் கொஞ்சம் அங்கேயும் கொஞ்சம் இங்கேயும் கிடக்கும். இப்போது உங்கள் நிலையும் அதுவாக இருக்கலாம். ஆகவே வெளி வன்தட்டுக்குப் போய்ச்சேர்ந்த எதையும், அரைகுறை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அது இப்போது ஒரேயொரு பிரதியாக இருக்கக்கூடும். அதை வேறொரு கோப்புறைக்குப் பெயர்மாற்றி ஒதுக்கிவையுங்கள். கடைசியில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நிச்சயமாகத் தெரிந்த ஒரு விசயத்தில் இருந்து தொடங்குவோம். கொப்பி செய்வதற்காக விண்டோஸ் ஒரு கோப்பை முழுதாக நினைவகத்தில் ஏற்றி வைத்திருப்பதில்லை. துண்டு துண்டாக வாசித்து, துண்டு துண்டாக எழுதும். எனவே 210 ஜிபி என்ற அளவு ராமை நிரப்பாது. நிரப்புவது 6 இலட்சம் என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், பாதை, அளவு, நேரம், சிறுபடம், வைரஸ் சோதனை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு பதிவு பிறக்கிறது. யார் அந்தப் பதிவுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு விடாமல் இருக்கிறார்கள் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் கேள்வியில் இருக்கும் விபரத்தை மட்டும் வைத்து அது இன்னார் என்று சொல்ல முடியாது. நாலைந்து பேர் சந்தேகத்தில் இருக்கிறார்கள். ஆனால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸ் தாவலில் மெமரியைச் சொடுக்குங்கள். கொப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ‘கேஷ்ட்’ என்ற எண் பெரிதாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது சும்மா கிடக்கும் ராமை விண்டோஸ் பயன்படுத்திக்கொள்வது. வேறு மென்பொருள் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டிய எண் ‘கொமிட்டட்’. அதில் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் மென்பொருள்களுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட அளவும், வலப்பக்கம் உச்ச எல்லையும் இருக்கும். எல்லை என்பது ராமும், ராமுக்குத் துணையாக வன்தட்டில் விண்டோஸ் ஒதுக்கும் பேஜ் பைல் என்ற கோப்பும் சேர்ந்த கூட்டுத்தொகை. இடப்பக்க எண் வலப்பக்கத்தை முட்டும்போதுதான் நினைவகம் இல்லை என்ற அறிவிப்பு வருகிறது. கீழே ‘நொன்-பேஜ்ட் பூல்’ என்று இன்னொரு எண் உண்டு. விண்டோஸும் டிரைவர்களும் (வன்தட்டு போன்றவற்றை இயக்கும் உள் மென்பொருள்கள்) பேஜ் பைலுக்கு அனுப்பாமல் ராமிலேயே வைத்திருக்கும் பகுதி அது. 4 ஜிபி கணினியில் அது சில நூறு எம்பிக்குள் நிற்க வேண்டும். கொப்பி ஓட ஓட ஏறிக்கொண்டே போய், நிறுத்திய பிறகும் இறங்காவிட்டால், ஏதோ ஒரு டிரைவர் நினைவகத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிறது. அடுத்து, டீடெயில்ஸ் தாவலில் நினைவக நிரலால் வரிசைப்படுத்தி, மேலே எவர் நிற்கிறார் என்று பாருங்கள். ஏற்கனவே நின்றுபோனதைப் பற்றி அறிய ஈவென்ட் வியூவர் இருக்கிறது: விண்டோஸ் பதிவுகளில் சிஸ்டம் பகுதியில் 2004 என்ற இலக்கமுள்ள நிகழ்வைத் தேடுங்கள். நினைவகம் தீர்ந்த வேளையில் அதிகம் எடுத்துக்கொண்டிருந்த மூன்று மென்பொருள்களின் பெயர்கள் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கடையில் கேட்பதைவிட இது நம்பிக்கையான சாட்சி.

மேலே நிற்பது எக்ஸ்புளோரர் (கோப்புறைகளைத் திறந்து காட்டும் விண்டோஸ் சாளரம்) என்றால், உங்கள் விபரத்துக்கு அதுவே மிகவும் பொருந்துகிறது. எக்ஸ்புளோரர் கொப்பியைத் தொடங்க முன் முழுக் கோப்புறை மரத்தையும் நடந்து எண்ணி, மொத்த அளவைக் கணக்கிடுகிறது. நீங்கள் சொன்ன அந்த நெடுநேரம் இதுதான். அதோடு, அந்தக் கோப்புறையின் சாளரம் திறந்தே இருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் சிறுபடம் ஆக்கவும், எடுத்த திகதி, அளவு போன்றவற்றைப் படத்துக்குள் இருந்து வாசிக்கவும் முயலும். ஒரு கோப்பு போக, பட்டியலைத் திரும்பவும் வரிசைப்படுத்தும். 4 ஜிபியில் விண்டோஸ் 10 சும்மா இருக்கவே ஏறத்தாழ 2 ஜிபியை எடுத்துவிடும். மிச்சத்தில் இவ்வளவும் நடக்கிறது. கோப்புறை விருப்பங்களில் வியூ தாவலுக்குப் போய், எப்போதும் ஐகன் மட்டும் காட்டு, சிறுபடம் வேண்டாம் என்ற முதல் கட்டத்தைச் சரியிடுங்கள். கோப்புறையின் பண்புகளில் கஸ்டமைஸ் தாவலில், படங்களுக்கானது என்றிருப்பதைப் பொதுவானது என்று மாற்றுங்கள். இந்த இரண்டும் எக்ஸ்புளோரரை நன்றாகவே இலகுவாக்கும். ஆனாலும் இந்த வேலைக்கு எக்ஸ்புளோரர் ஏற்ற கருவி அல்ல என்பது என் கருத்து. மாற்று வழியைக் கீழே சொல்கிறேன்.

மேலே நிற்பது வைரஸ் தடுப்பு என்றால், ஒவ்வொரு கோப்பும் வாசிக்கும்போது ஒரு தடவை, எழுதும்போது இன்னொரு தடவை சோதிக்கப்படுகிறது. விண்டோஸ் டிபென்டரில் மூலக் கோப்புறையையும் சேரும் கோப்புறையையும் விலக்குப் பட்டியலில் சேர்த்து, வேலை முடிந்தவுடன் எடுத்துவிடுங்கள். முழுத் தடுப்பையும் நிறுத்திவிட்டு மறந்துபோகாதீர்கள். பலருடைய பென் டிரைவ் செருகப்படும் பொதுக் கணினி அது. இரண்டு வைரஸ் தடுப்புகள் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றை முற்றாக நீக்குங்கள். காலாவதியான தடுப்பு மென்பொருளின் டிரைவர் மட்டும் எஞ்சியிருந்து நொன்-பேஜ்ட் பூலைத் தின்பது வழக்கமாகக் காணும் கோளாறு. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து எப்-எல்-டி-எம்-சி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால், கோப்புகளின் வழியில் குந்தியிருக்கும் வடிகட்டி டிரைவர்கள் எல்லாம் பட்டியலாக வரும். நீக்கிவிட்டதாக நினைத்த மென்பொருளின் பெயர் அங்கே தெரிந்தால், தேடிய ஆள் அகப்பட்டுவிட்டார். மைக்ரோசொப்டின் வன்ட்ரைவ் (OneDrive) போன்ற ஒத்திசைவுச் சேவையும், விண்டோஸ் சேர்ச் சுட்டியாக்கமும் இதே கோப்புறையைக் கவனித்துக்கொண்டிருந்தால் கொப்பி முடியும் வரை இடைநிறுத்துங்கள்.

எந்த மென்பொருளும் பெரிதாகத் தெரியாமலே ராம் நிரம்பியிருந்தால், மைக்ரோசொப்டின் சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுதியில் இலவசமாகக் கிடைக்கும் ராம்மப் என்ற கருவியைப் பாருங்கள். அதில் ‘மெட்டாபைல்’ என்ற வரி பெரிதாக இருக்கலாம். வன்தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்த விண்டோஸ் பாவிக்கும் என்டிஎப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் தலைமை அட்டவணையில் வழக்கமாக 1 கேபி பதிவு ஒன்று உண்டு. 6 இலட்சம் கோப்புக்கு அது மட்டும் 600 எம்பி அளவில் வரும். தொட்ட பதிவுகளை விண்டோஸ் ராமில் வைத்துக்கொள்ளும்; தேவைப்படும்போது விடும். இது பிழையல்ல, ஆனால் 4 ஜிபியில் நெருக்கடி கொடுக்கும். தொகுதி தொகுதியாக வேலை செய்தால் இதுவும் அடங்கும். இன்னொரு பக்கம், சீ டிரைவ் நிரம்பிக் கிடந்தால் பேஜ் பைல் வளர இடமிராது. கொமிட்டட் எல்லை உயராது. அப்போது நினைவகம் போதாது என்ற அறிவிப்புக்கு உண்மையான மருந்து சீ டிரைவைத் துப்புரவாக்குவது. 15 ஜிபியாவது காலியாக விட்டு, பேஜ் பைலைக் கணினியே நிர்வகிக்கும்படி வையுங்கள். இது செலவில்லாத வேலை. ராம் வாங்க முன் செய்ய வேண்டியது.

படத்தொகுப்பு மென்பொருள் வழியாக நகர்த்த முயன்று அதற்குள் இந்த அறிவிப்பு வந்தால் கதை வேறு. பழைய மென்பொருள்கள் பல 32 பிட் ஆக்கங்கள். அவை வழமையாக 2 ஜிபிக்கு மேல் நினைவகத்தைத் தொட முடியாது. கணினியில் 16 ஜிபி போட்டாலும் அதே இடத்தில்தான் விழும். டாஸ்க் மனேஜரில் பெயருக்குப் பக்கத்தில் 32 பிட் என்று இருந்தால், அந்த மென்பொருளை மூடிவிட்டு வெளியே நின்று நகர்த்துவதே வழி. மூடுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று நீங்கள் தட்டச்சிட்ட குறிப்புகள் பல மென்பொருள்களில் படத்துக்குள் இல்லை. தனித் தரவுத்தளக் கோப்பு ஒன்றில் இருக்கும். மென்பொருள் திறந்திருக்கும்போது அதைக் கொப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் அகப்படலாம். படங்களை எல்லாம் காப்பாற்றிவிட்டு, பெயர்களைத் தொலைத்துவிடும் ஆபத்து இது. அமைப்புகளில் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, முதலில் அதைக் கொப்பி செய்யுங்கள்.

சிறுபடங்களைக் கொண்டுபோகவே தேவையில்லை. மூலப் படங்களில் இருந்து மென்பொருள் திரும்ப ஆக்கிக்கொள்ளும். அவை தனிக் கோப்புறையில் இருக்கின்றன என்பதையும், மூலப் படம் ஒன்றும் அதற்குள் மாறிப் போய் இல்லை என்பதையும் திறந்து பார்த்து உறுதிசெய்த பின் விலக்குங்கள். வேலை உடனே பாதியாகும்.

இனி நகர்த்தும் முறை. விண்டோஸ் விஸ்டா காலத்தில் இருந்து கணினியோடேயே வரும் ரோபோகொப்பி என்ற கட்டளைதான் இதற்குச் சரி. அது முழு மரத்தையும் முன்கூட்டியே எண்ணி வைப்பதில்லை. கோப்புறை கோப்புறையாக நடந்து கொப்பி செய்யும், சாளரமோ சிறுபடமோ இல்லை. நின்றுபோனால் அதே கட்டளையைத் திரும்பக் கொடுக்கலாம். அளவும் நேரமும் ஒத்துப்போகும் கோப்புகளைத் தாண்டிவிட்டு மிச்சத்தைத் தொடரும். கீழே சொடுக்கிகளை, அதாவது கட்டளையோடு சேர்க்கும் குறிகளை, ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். முதலில் கட்டளைப் பெயர், பிறகு மூலக் கோப்புறையின் பாதை, பிறகு சேரும் கோப்புறையின் பாதை. பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், ஆனால் மேற்கோளை மூட முன் பின்சாய்கோட்டில் முடிக்காதீர்கள்; இரண்டு பாதையும் ஒட்டிக்கொண்டு பிழை சொல்லும். அதன் பின் சாய்கோடு ஈ, உட்கோப்புறைகள் எல்லாவற்றுக்கும். சாய்கோடு ஆர் முக்காற்புள்ளி 2, சாய்கோடு டபிள்யூ முக்காற்புள்ளி 5: ஒரு கோப்பு வாசிக்க முடியாவிட்டால் 5 வினாடி இடைவெளியில் இரண்டு தடவை முயன்றுவிட்டு அடுத்ததுக்குப் போ என்று பொருள். இதை மறந்தால் இயல்பான அமைப்பு 30 வினாடி இடைவெளியில் பத்து இலட்சம் தடவை முயல்வது. பழுதான ஒரே கோப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் நிற்கும். பார்ப்பவருக்குக் கணினி உறைந்ததுபோலத் தெரியும். சாய்கோடு எக்ஸ்ஜே போட்டால் இணைப்புக் கோப்புறைகளுக்குள் சுற்றிச் சுற்றிப் போகாது. சாய்கோடு எக்ஸ்டீ போட்டு, இடைவெளி விட்டு, சிறுபடக் கோப்புறையின் பாதையைக் கொடுத்தால் அதை விலக்கும். பதிவுக்கு, லொக் என்ற சொடுக்கியைவிட யுனிலொக்கைப் பயன்படுத்துங்கள், கூட்டல் குறியும் முக்காற்புள்ளியும் போட்டுப் பதிவுக் கோப்பின் பாதையோடு. தமிழில் பெயரிட்ட கோப்புகள் சாதாரணப் பதிவில் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பிறகு எது தவறியது என்று உங்களுக்கே தெரியாது. கூட்டல் குறி, முந்தைய பதிவை அழிக்காமல் அடியில் தொடரச் செய்யும்.

இரண்டு சொடுக்கிகளுக்கு மட்டும் கிட்டவும் போக வேண்டாம். ஒன்று மூவ், அது போகப்போக மூலத்தை அழிக்கும். மற்றது மிர், அது சேரும் இடத்தை மூலத்தைப்போலவே ஆக்குவதற்காக, மூலத்தில் இல்லாதவற்றை அங்கே அழித்துவிடும். உங்கள் வெளி வன்தட்டில் முன்பு ‘கட்’ ஆகிப் போனவை இருக்கும் நிலையில், மிர் ஒரு நொடியில் அவற்றைத் துடைத்துவிடும். எம்டி என்ற சொடுக்கி ஒரே நேரத்தில் பல கோப்புகளை அனுப்பும். இலக்கம் கொடுக்காவிட்டால் 8. எஸ்எஸ்டிக்கு நல்லது. சுழலும் வன்தட்டில் ஊசி அங்கும் இங்கும் ஓடி வேகம் குறையலாம், 4 ஜிபியில் நினைவகமும் கூடத் தேவைப்படும். இல்லாமலே தொடங்குங்கள்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் கொடுக்காமல், மேல்மட்டக் கோப்புறை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்: முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று ஊர்வாரியாகப் பிரித்திருந்தால் ஊருக்கு ஒரு தடவை. ஒரே கோப்புறைக்குள் இலட்சக்கணக்கில் கொட்டிக் கிடந்தால், முதலில் அதே டிரைவுக்குள் ஐயாயிரம் ஐயாயிரமாக உட்கோப்புறைகளுக்குப் பிரியுங்கள்; அதே டிரைவுக்குள் என்பதால் இது வெறும் பதிவு மாற்றம். படத்தொகுப்பு மென்பொருள் பழைய பாதையை நினைவில் வைத்திருந்தால் அந்த மென்பொருளுக்குள் இருந்தே பிரியுங்கள், இல்லாவிட்டால் குறிப்புகள் படத்தோடு ஒட்டாமல் போகும். நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி 2 துளையில் வினாடிக்கு 30 எம்பி போனால் 210 ஜிபிக்கு இரண்டு மணித்தியாலம். ஆனால் வினாடிக்கு 30 கோப்புதான் எழுதப்படுகிறது என்றால் 6 இலட்சத்துக்கு ஐந்தரை மணித்தியாலம். சிறு கோப்புகளில் இரண்டாவது கணக்குத்தான் உண்மையாகும். எனவே மெதுவாகப் போவதைப் பார்த்துப் பழுது என்று நிறுத்திவிடாதீர்கள்.

வெளி வன்தட்டு எந்த முறையில் போர்மட் ஆகியிருக்கிறது என்று பார்த்தீர்களா? நினைவகப் பிரச்சினை என்று வருபவற்றில் கணிசமானவை உண்மையில் இங்கே கிடக்கின்றன. பாட்32 என்றால் 4 ஜிபியைத் தொடும் கோப்பு போகாது. அதைவிட முக்கியமாக, ஒரு கோப்புறைக்கு 65,536 பதிவுகள்தான். நீண்ட பெயர் 13 எழுத்தலகுக்கு (கணினி எழுத்துகளை எண்ணும் அலகு) ஒரு பதிவு வீதம் எடுக்கும். தமிழில் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு அலகு. ‘முல்லைத்தீவு_குடும்பப்படம்_0001’ என்பதும் புள்ளியும் மூன்றெழுத்து நீட்சியும் சேர்ந்து 35 அலகு. நீண்ட பெயருக்கு மூன்று, குறும்பெயருக்கு ஒன்று என்று நாலு பதிவு. ஆகவே 16 ஆயிரத்துச் சொச்சம் கோப்போடு கோப்புறை நிரம்பிவிடும், வன்தட்டில் ஒரு டெராபைட் காலியாக இருந்தாலும். எக்ஸ்பாட் என்றால் அந்தத் தடை இல்லை, ஆனால் பெரிய வன்தட்டுகளில் அது கோப்புக்கு இடம் ஒதுக்கும் இயல்பான அலகு 128 கேபி. 5 கேபி சிறுபடம்கூட 128 கேபியைப் பிடிக்கும். 3 இலட்சம் சிறுபடத்துக்கு ஏறத்தாழ 37 ஜிபி வீணாகும். என்டிஎப்எஸில் இடம் ஒதுக்கும் அலகு வழக்கமாக 4 கேபி. அதோடு என்டிஎப்எஸ் தன் அட்டவணை மாற்றங்களைக் குறித்துவைத்துக்கொண்டே செய்கிறது. மற்ற இரண்டிலும் விண்டோஸ் அப்படிச் செய்வதில்லை. கரண்ட் திடீரென நிற்கும் இடத்தில் இது பெரிய வித்தியாசம். விண்டோஸ் கணினிகளில் மட்டும் பாவிப்பதென்றால் என்டிஎப்எஸ் போடுங்கள். போர்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதால், முன்பு ‘கட்’ ஆகிப் போனவற்றை வேறிடத்துக்கு எடுத்த பின்னரே அது.

பெயர் நீளமும் ஒரு பொறி. எக்ஸ்புளோரர் வழமையாக 260 எழுத்தலகுக்கு மேற்பட்ட பாதையைக் கையாளாது; ரோபோகொப்பி கையாளும். அதனால் கொப்பி வெற்றி என்று வந்தும், பிறகு திறக்க முடியாமல் இருக்கலாம். சேரும் பாதையைச் சுருக்கமாக வையுங்கள். லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோனால், அங்கே வழக்கமான ஈஎக்ஸ்டி4 என்ற போர்மட்டில் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ் அலகு ஒன்றுக்கு 3 பைட் என்பதால் 85 அலகோடு முடிந்துவிடும். பழைய ஆப்பிள் மக் கணினியின் வன்தட்டில் இருந்து வந்த கோப்புகளில் கொ, கோ போன்றவை வேறு விதமாகக் குறியேற்றப்பட்டிருக்கலாம். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு பெயர். ஒரே படம் இரட்டிப்பாகத் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

திரை உறைவது நினைவகத்தால் அல்லாமல் வன்தட்டு சாகத் தொடங்கியதாலும் நடக்கும். வெளியில் இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 7 என்ற நிகழ்வு பழுதான பகுதியையும், 153 என்பது வாசிப்பு திரும்பத் திரும்ப முயலப்பட்டதையும் சொல்லும். 157 என்றால் வன்தட்டு சொல்லாமல் கொள்ளாமல் கழன்றிருக்கிறது: முன்பக்க யூஎஸ்பி துளையையும் நீண்ட மெல்லிய வயரையும் விட்டு, பின்பக்கத் துளையில் வன்தட்டோடு வந்த வயரைச் செருகிப் பாருங்கள். 7 வரிசையாக வந்தால் கோப்பு கோப்பாகக் கொப்பி செய்வதை நிறுத்துங்கள். வன்தட்டுப் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டவே வேண்டாம். சாகும் வன்தட்டை அது மேலும் அடிக்கும். ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ போன்ற கருவியால் வன்தட்டை முழுதாகப் பிரதியெடுத்து, பிரதியில் இருந்து கோப்புகளை எடுக்க வேண்டும். அனுபவம் இல்லாவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் இருக்கும் ஒருவரை விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

மாரியில் இடி மின்னலோடு கரண்ட் நிற்கும் பின்னேரங்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். யூபிஎஸ் இருந்தால் கணினியையும் திரையையும், தனி மின்வயர் உள்ளதென்றால் வெளி வன்தட்டையும் மட்டும் அதில் செருகி, அது தாங்கும் நேரத்துக்குள் கட்டளையை நிறுத்திக் கணினியை மூடப் பழகுங்கள்; கன்ட்ரோலும் சீயும் சேர்த்து அழுத்தினால் ரோபோகொப்பி நிற்கும். ஜெனரேற்றர் கரண்டில் நேரடியாக ஓட்ட வேண்டாம். கரண்ட் நின்று திரும்பியிருந்தால், அப்போது ஓடிக்கொண்டிருந்த ஊர்க் கோப்புறையை மட்டும், மூலம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, சேருமிடத்தில் அழித்துவிட்டுத் திரும்பக் கொப்பி செய்யுங்கள். பெயரும் அளவும் சரியாக இருந்து உள்ளே வெறுமையாக ஒரு கோப்பு எஞ்சலாம். ரோபோகொப்பி அதை நல்லதென்று தாண்டிவிடும்.

இதே வேலைக்கு யாராவது பைதன் நிரல் எழுதித் தந்திருந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள்: முழுப் பட்டியலையும் ஒரே மாறியில் சேர்க்கிறதா, கோப்பை முழுதாக வாசித்துவிட்டு எழுதுகிறதா. பட்டியலுக்குப் பதில் ஸ்கான்டிர், உள்ளடக்கத்துக்கு எஸ்எச்யூடில் நூலகத்தின் கொப்பிக் கட்டளை என்று மாற்றினால் நினைவகம் சமதரையாக நிற்கும். லினக்ஸில் வாதப் பட்டியல் மிக நீளம் என்று வரும் அறிவிப்பு ராம் குறைவு அல்ல, ஒரு கட்டளைக்குக் கொடுக்கக்கூடிய சொற்களின் எல்லை. நட்சத்திரக் குறியை விட்டு ஆர்சிங்க் என்ற கொப்பிக் கருவியைப் பயன்படுத்துங்கள், 3.0 பதிப்பில் இருந்து அது பட்டியலைச் சிறிது சிறிதாகவே கட்டுகிறது.

சரிபார்க்க, வன்தட்டை முறையாகக் கழற்றி, கணினியை ஒரு தடவை மூடித் திறந்து, மீண்டும் செருகுங்கள். அப்போதுதான் ராமில் எஞ்சியிருப்பதை வாசிக்காமல் தட்டில் உள்ளதை வாசிக்கும். முதலில் அதே ரோபோகொப்பிக் கட்டளையோடு சாய்கோடு எல் சேர்த்து ஓட்டுங்கள். ஒன்றையும் கொப்பி செய்யாமல், மிச்சம் என்ன என்று மட்டும் சொல்லும். கடைசியில் வரும் சுருக்கத்தில், கோப்புகளுக்கான வரியில் கொப்பிட், பெயில்ட் என்ற இரண்டு நிரல்களிலும் பூச்சியம் இருக்க வேண்டும். இது அளவையும் நேரத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறது. உள்ளடக்கத்துக்கு 7-சிப் (7-Zip) என்ற மென்பொருளை நிறுவி, ஊர்க் கோப்புறையில் வலச்சொடுக்கி எஸ்எச்ஏ-256 என்ற, உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற இலக்கத்தை எடுங்கள், இரு பக்கத்திலும். தரவும் பெயர்களும் என்ற வரியில் வரும் நீண்ட இலக்கம் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், அந்த ஊர் முடிந்தது. மூலத்தை அப்போதும் அழிக்காதீர்கள். இன்னொரு வன்தட்டில் இரண்டாவது பிரதி எடுத்து, அதையும் இப்படியே சரிபார்த்து, நிலையத்தை விட்டு வேறொரு வீட்டில் வைத்த பின் கணினியில் இடம் வேண்டுமென்றால் அழியுங்கள்.

ராமுக்கு வருவோம். விண்டோஸ் 10க்கு 4 ஜிபி நெருக்கம்தான், 8 ஆக்கினால் அன்றாட வேலை இலகுவாகும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் டிரைவர் ஒன்று நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் 8 ஜிபியும் கொஞ்சம் பிந்தி நிரம்பும். 32 பிட் மென்பொருள் என்றால் ஒரு மாற்றமும் தெரியாது. வன்தட்டுப் பழுது என்றால் காசும் நேரமும் போய், படமும் போகும். ரோபோகொப்பியில் ஒரு ஊரைக் கொப்பி செய்யும்போது கொமிட்டட் எல்லையை முட்டாமல் நின்றால் ராம் காசை இரண்டாவது வன்தட்டில் போடுங்கள். அப்போதும் முட்டினால் இங்கேயே எழுதுங்கள்: அந்த வேளையில் கொமிட்டட்டின் இரண்டு எண்கள், நொன்-பேஜ்ட் பூல், மேலே நின்ற மூன்று மென்பொருள்கள், 2004, 7, 153 நிகழ்வுகள் வந்தனவா என்பது, வெளி வன்தட்டின் போர்மட். இவை இருந்தால் அடுத்ததை ஊகிக்காமல் சொல்லலாம்.